அவையில் இல்லாதவர்களின் பங்கு

 

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 26 நெருங்கும்போது நம் மஹல்லாக்களில் அரசியலமைப்புச் சட்டம் குறித்த உரைகள் நிகழ்கின்றன. அவற்றைக் கூர்ந்து கேட்போர்க்கு ஒன்று விளங்கும். பெரும்பாலான உரைகள் 25-ஆம் பிரிவில் தொடங்கி 30-ஆம் பிரிவில் முடிந்துவிடுகின்றன. சமயத்தைப் பின்பற்றும் உரிமை, சமய நிறுவனங்களை நிர்வகிக்கும் உரிமை, சிறுபான்மையினர் கல்வி நிலையங்கள் நடத்தும் உரிமை ஆகியன நமக்கு உயிர்நாடி என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1950-இல் 395 பிரிவுகளோடு நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்தில் ஆறு பிரிவுகளை மட்டும் நமக்குரியவையாக எண்ணி, எஞ்சியவற்றைப் பிறருக்கு விட்டுவிட்டோம். பள்ளிவாசலும் கல்லூரியும் நிர்வகிப்போருக்கு அந்த ஆறு பிரிவுகள் போதும். தையற்கடையில் கூலிக்கு அமர்ந்திருக்கும் சகோதரருக்கும், வாடகை வீட்டில் பிள்ளைகளோடு வாழும் கைம்பெண்ணுக்கும் அவை போதா.

நம் இளைஞர்களோ வேறொரு முனையிலிருந்து வினவுகின்றனர். செல்வமும் நிலமும் உடையோர் கூடித் தம் நலன் காக்க எழுதிக்கொண்டதுதானே இச்சட்டம் என்பது அவர்களது கேள்வி. மரியாதையின் பெயரால் அதை அடக்கிவிடுவது முறையன்று. உலகில் இதைக் கேட்டவர்களுள் நம் பிள்ளைகள் முதலாமவரும் அல்லர். 1787-இல் பிலடெல்பியாவில் கூடி அமெரிக்க அரசியலமைப்பை எழுதியோர் எத்தகைய சொத்துடையோராய் இருந்தனர் என்பதைச் சார்லஸ் பியர்டு என்ற வரலாற்றாசிரியர் 1913-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதிப் பெரும் விவாதத்தைக் கிளப்பினார். அடிமைகளை வைத்திருந்தோரும் அச்சபையில் இருந்தனர். அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணி, அதனால் கூடிய இடங்களை எசமானர்களின் மாநிலங்களுக்கே அளித்த சட்டம் அது.

நம் நாட்டின் அரசியல் நிர்ணய சபைக்கு வருவோம். அதன் மாகாண உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் 1946-இல் வெற்றி பெற்ற மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள். அச்சட்டமன்றங்களுக்கு வாக்களித்தவர்கள் யார்? 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து உள்ளோர், வரி செலுத்துவோர், குறிப்பிட்ட அளவு கல்வி பெற்றோர். வயது வந்தோரில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினருக்கே வாக்கு இருந்தது. நிலமற்ற உழவுத் தொழிலாளியும், எழுத்தறியாத நெசவாளியும், அவர்தம் மனைவியரும் அந்தக் கணக்கில் இல்லை. பீகாரின் பெருநிலக்கிழார்களுள் ஒருவரான தர்பங்கா மகாராஜா காமேஷ்வர் சிங் அச்சபையில் உறுப்பினராக அமர்ந்திருந்தார். அவருடைய பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மீண்டும் வரும்.

அச்சபை எழுதியது என்ன? சொத்துரிமையை 19, 31 ஆகிய பிரிவுகளில், நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறத்தக்க அடிப்படை உரிமையாக வைத்தது. வாழ்வாதாரம், சம வேலைக்குச் சம ஊதியம், செல்வம் ஒரு சிலரிடம் குவியாமை ஆகியவற்றை 39-ஆம் பிரிவில், வழிகாட்டு நெறிமுறைகளுள் வைத்தது. அந்நெறிமுறைகளை எந்த நீதிமன்றத்திலும் கேட்டுப் பெற இயலாது என்று 37-ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. உடையவனின் உரிமைக்கு வழக்கு மன்றம் உண்டு, இல்லாதவனின் தேவைக்கு நல்லெண்ணம் மட்டுமே உண்டு என்றாயிற்று. அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் ஒருசேர நிலவப்போகும் முரண்பாட்டை, 1949 நவம்பர் 25-ஆம் நாள் ஆற்றிய உரையில் டாக்டர் அம்பேத்கர் அவர்களே எச்சரித்தார்.

சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் பதினைந்து மாதங்களுக்குள் தீர்ப்பான மூன்று வழக்குகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மூன்றில் இரண்டு நம் சென்னை மாகாணத்தைச் சார்ந்தவை.

முதலாவது, பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்தது. உழைப்பாளர்களையும் உழவர்களையும் திரட்டியவர். விசாரணையின்றிச் சென்னைச் சிறையில் அடைபட்டிருந்தார். தடுப்புக் காவலுக்கு இடமளிக்கும் விதி, அடிப்படை உரிமைகளுக்குரிய மூன்றாம் பகுதியிலேயே, 22-ஆம் பிரிவில் இருக்கிறது. 1950 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தில் ஒரு பிரிவை மட்டும் நீக்கி, எஞ்சியது செல்லும் என்றது. கோபாலனுக்கு விடுதலை கிட்டவில்லை.

இரண்டாவது நமக்கு மிக நெருக்கமானது. அக்காலச் சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை என்றொன்று இருந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளின் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, ஆதிதிராவிடர்க்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது பங்கீடு. அதை எதிர்த்து செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி வழக்குத் தொடுத்தார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பதை உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. ஆயினும் வழக்கை ஏற்றது. அரசாணைக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர், அரசியலமைப்பின் வரைவுக் குழுவிலேயே உறுப்பினராய் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். 1951 ஏப்ரல் 9 அன்று அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்தப் பிரிவின்படி? 29-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி. சிறுபான்மையினர் நலன் காப்பது எனத் தலைப்பிடப்பட்ட, நம் மேடைகளில் நம்முடையது என்று நாம் வாசிக்கின்ற அதே 29-ஆம் பிரிவு! நலிந்த பிரிவினரின் கல்வி நலனைப் பேணச் சொல்லும் 46-ஆம் பிரிவை அரசு எடுத்துக்காட்டியபோது, அது வெறும் வழிகாட்டு நெறி, அடிப்படை உரிமையை மீற முடியாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. 14 இடங்களில் நமக்கு இருந்த ஒன்றும் போயிற்று.

மூன்றாவது வழக்கை, பீகாரின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்தவர் தர்பங்கா மகாராஜா காமேஷ்வர் சிங். தாம் அமர்ந்திருந்த சபை எழுதிய சட்டத்தைக் கையில் ஏந்திப் பாட்னா உயர் நீதிமன்றம் சென்று, 1951 மார்ச்சில் வென்றார்.

சிறையிலிருந்தவர் தோற்றார், பங்கு பெற்றிருந்தோர் இழந்தனர், பெருநிலக்கிழார் வென்றார். இத்தோடு நிறுத்திக்கொண்டால் நம் இளைஞர்களின் கேள்விக்கு ஆம் என்பதே விடையாகும். ஆனால் இத்தோடு நிறுத்துவது நேர்மையாகாது.

ஏனெனில் அதே சபை 326-ஆம் பிரிவையும் எழுதியது. 28 விழுக்காட்டினரின் வாக்கிலிருந்து பிறந்த சபை, சொத்தும் கல்வியும் வரிச் சீட்டும் கேளாமல், 21 வயது நிறைந்த ஆண், பெண் அனைவர்க்கும் வாக்கை அளித்தது. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் பெரும்பான்மையாய் இருந்த நாட்டில் இது சிறு செயல் அன்று. தம்மிடம் இருந்த அதிகாரத்தைத் தாமே பங்கிட்டுக் கொடுத்தவர்கள் வரலாற்றில் மிகச் சிலர். அனைவர்க்கும் வாக்கு வரவிருக்கிறது என்றான பின், தீர்ப்புகளும் இறுதியாகவில்லை. செண்பகம் வழக்குத் தீர்ப்பை எதிர்த்துத் தமிழ்நாட்டில் பெரியார் தலைமையில் போராட்டம் மூண்டது. 1951 ஜூனில் வந்த முதல் திருத்தம் 15-ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்கும் பாதுகாப்பளித்தது. (அதே திருத்தம் பேச்சுரிமையைக் குறுக்கியதையும் சொல்லத்தான் வேண்டும்; வரவில் செலவும் உண்டு.) பின்னர் சமூகத்திலும் கல்வியிலும் பிற்பட்டோர் என்ற வாயில் வழியாகத் தமிழ்நாட்டு முஸ்லிம்களுள் பெரும்பாலோர் மீண்டும் உள்ளே வந்தனர். 2007-இல் 3.5 விழுக்காடு தனி உள் ஒதுக்கீடாகவும் அது உருப்பெற்றது. நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று கல்லூரி சேரும்போது இணைக்கும் சாதிச் சான்றிதழின் வேர், நாம் மேடையில் வாசிக்கும் 25 முதல் 30 வரையில் இல்லை. அது 15, 16 ஆகிய பிரிவுகளில் இருக்கிறது.

ஆக, ஒரு மூலச் சட்டம் யாருக்குப் பயன்படும் என்பதை அதை எழுதியோரின் சொத்துப் பட்டியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. எழுதும்போது அவையில் இல்லாதவர்களுக்குப் பின்னர் உள்ளே வர வழி வைக்கப்பட்டதா என்பதே உரைகல்.

இதற்கு நம் மார்க்க வரலாற்றிலேயே ஒரு பேருதாரணம் உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இராக்கின் ஸவாத் எனும் செழுமையான விளைநிலங்கள் முஸ்லிம்களின் கைக்கு வந்தன. போரில் பங்கேற்றோர், கைபர் நிலங்கள் பங்கிடப்பட்டதை முன்மாதிரியாகக் காட்டி, தமக்கு அவற்றைப் பங்கிட்டளிக்குமாறு கோரினர். பிலால் (ரலி) போன்ற பெரும் தோழர்களே அக்கோரிக்கையில் உறுதியாக நின்றனர். உமர் (ரலி) இணங்கவில்லை. இன்று இங்கிருப்போருக்கே அனைத்தையும் பங்கிட்டுவிட்டால், பின்னர் வருவோர்க்கும் கைம்பெண்களுக்கும் அநாதைகளுக்கும் என்ன மிஞ்சும் என்பது அவர்களது கவலை. முஹாஜிர்களோடும் அன்ஸார்களின் தலைவர்களோடும் நாள்கணக்கில் ஆலோசித்தார்கள். செல்வம் செல்வந்தர்களுக்குள்ளேயே சுற்றிவரலாகாது எனக் கூறும் சூரா அல்ஹஷ்ரின் 7-ஆம் வசனத்தையும், முஹாஜிர்கள், அன்ஸார்களுக்குப் பின் வருவோரைக் குறிப்பிடும் 10-ஆம் வசனத்தையும் சான்றாக வைத்தார்கள். நிலம் உழுதவர்களிடமே விடப்பட்டது. அதன் வரி பொதுக் கருவூலத்திற்குச் சேர்ந்தது. இதை இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தம் கிதாபுல் கராஜ் நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்கள். அவையில் வாளோடு நின்றவர்களின் நியாயமான கோரிக்கைக்கு எதிராக, அவையில் இல்லாதவர்களின் சார்பில் ஓர் ஆட்சியாளர் வாதாடினார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, நாம் வாழும் ஊருக்கு வருவோம். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து மூன்று மாதம் நிறையுமுன், 1950 ஏப்ரல் 14 அன்று, ரமண மகரிஷி இங்கே மறைந்தார். அது அம்பேத்கர் பிறந்த தேதியாகவும் அமைந்தது தற்செயலே. அன்று அமைதியான புறநகராய் இருந்த ரமணாசிரமம் பகுதி, இன்று உலகின் பல நாட்டவரும் பல மாநிலத்தவரும் வந்து தங்கும் இடமாகிவிட்டது. செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களில் மனையின் விலையும் வீட்டு வாடகையும், இங்கே உழைத்துப் பிழைப்போரின் கைக்கு எட்டாத உயரம் சென்றுவிட்டன. எட்டாதவர்கள் எங்கே செல்வர்? இதே மலையின் மற்றோர் அடிவாரத்தில், வ.உ.சி. நகரில், 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் மண் சரிந்து வீடு புதையுண்டதில் 7 பேர் மாண்டனர். அவர்களுள் 5 பேர் குழந்தைகள். விதியை நம்புவோர் நாம். ஆயினும் எவருடைய வீடு சரிவில் அமைகிறது, எவருடைய வீடு சமதளத்தில் அமைகிறது என்பது நிலத்தின் விலை தீர்மானிக்கும் செய்தி. நம் மாவட்டத்தின் செய்யாறு அருகே, மேல்மாவில், சிப்காட் விரிவாக்கத்திற்கு விளைநிலம் தர மறுத்துப் போராடிய உழவர்களுள் 7 பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் ஏவப்பட்டது. எதிர்ப்பு வலுத்தபின் 6 பேர் மீதான ஆணை சில நாள்களில் விலக்கிக்கொள்ளப்பட்டது. கோபாலனை அடைத்த 22-ஆம் பிரிவின் நிழல் இன்னும் நீங்கவில்லை என்பதற்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை.

அரசிடம் இவற்றைக் கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். ஆனால் நம்மிடமும் மூலச் சட்டங்கள் இருக்கின்றன. ஜமாஅத் பைலா என்று அவற்றை அழைக்கிறோம். அவை யாருடைய நலனைக் காக்கின்றன?

பல ஊர்களின் பைலாக்களில் காணும் நடைமுறை இதுதான்: சந்தா செலுத்தும் தலைக்கட்டே உறுப்பினர், சந்தா நிலுவையின்றி இருப்பவருக்கே பொதுக்குழுவில் வாக்கு, நிர்வாகத்திற்கு நிற்கச் சொந்த வீடோ பூர்விகமோ வேண்டும். பிழைப்புக்காக வேற்றூரிலிருந்து வந்து, வாடகைக்கு அமர்ந்து, பிரியாணிக் கடையிலோ பழைய இரும்புக் கடையிலோ ஆட்டோவிலோ உழைக்கும் குடும்பத்திற்குப் பதிவேட்டில் இடமில்லை. அவர்கள் அதே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுகின்றனர். மகளின் நிக்காஹுக்கு ஜமாஅத் கடிதம் தேவைப்படும் நாளில்தான் தாம் எந்த ஜமாஅத்திலும் இல்லை என்பதை அறிகின்றனர். பூர்விக ஊரின் ஜமாஅத்தோ பல்லாண்டுச் சந்தா நிலுவையை நினைவூட்டும். மையவாடியில் குழி கேட்கும் நேரத்திலும் இப்பேச்சு எழுகின்ற ஊர்கள் உண்டு என்பதைக் கூறவே நா கூசுகிறது.

வரி செலுத்துவோருக்கும் சொத்துடையோருக்கும் மட்டும் வாக்கு என்பது 1935-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வகுத்த முறை. இந்த நாடு அதை 1950-இல் கைவிட்டது. நம் ஜமாஅத்துகள் பல இன்னும் கைவிடவில்லை.

சந்தா இன்றிப் பள்ளிவாசலை எவ்வாறு நடத்துவது, இமாமுக்கும் முஅத்தினுக்கும் சம்பளம் எங்கிருந்து வரும் என்று நிர்வாகிகள் கேட்பது நியாயமே. அச்சம்பளத்தை நம்பி வாழும் ஆலிம்களின் வரிசையைச் சேர்ந்த நாம் அதை இலேசாகக் கருதவில்லை. சந்தா இருக்கட்டும், இயன்றவர் கூடுதலாகவும் தரட்டும். அதற்கும் வாக்குக்கும் உள்ள முடிச்சைத்தான் அவிழ்க்கச் சொல்கிறோம். கோடி ரூபாய் வருமான வரி செலுத்துபவருக்கும் ஒரு வாக்கு, வரியே செலுத்தாதவருக்கும் ஒரு வாக்கு என்ற ஏற்பாட்டினால் இந்நாட்டின் கருவூலம் வறண்டுவிடவில்லை. வெளியூரார் பெருகிப் பூர்விகக் குடும்பங்களின் கையிலிருந்து நிர்வாகம் போய்விடும் என்ற அச்சமும் உண்டு. வெளியே சொல்லப்படாத அச்சம் அதுவே. மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்களை மதீனாவின் பூர்விகக் குடிகள் எவ்வாறு நடத்தினர் என்பதைச் சிறுவர்களுக்கு மக்தபில் கற்பிக்கின்ற சமுதாயம் நாம்.

பெண்களின் நிலை இதினும் பின்தங்கியது. தலைக்கட்டு என்பது ஆணின் பெயரால் எழுதப்படுகிறது. அவர் மறைந்தால், மகன் பெரியவனாகும்வரை அக்குடும்பத்திற்குப் பல ஊர்களில் வாக்கில்லை. ஜகாத், உதவித்தொகைப் பட்டியலில் அக்கைம்பெண்ணின் பெயர் இருக்கும். பட்டியலை எவ்வாறு தயாரிப்பது என்று கூறும் உரிமை அவருக்கு இராது. அரசியல் நிர்ணய சபையில் 15 பெண்கள் இருந்தனர். அவர்களுள் ஒரே முஸ்லிம் பெண்மணி பேகம் அய்ஸாஸ் ரசூல். அவர் அச்சபையில் எழுந்து பேசி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது.

வக்ஃபையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். 2025-ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டத்தை எதிர்த்து நாம் வீதிக்கு வந்தோம். 26-ஆம் பிரிவை எடுத்துக்காட்டினோம். அது சரியான செயலே. ஆனால் 26-ஆம் பிரிவு நிர்வகிக்கும் உரிமையை மட்டுமே காக்கும். நிர்வாகத்தின் பலன் ஏழைக்குச் சேர்ந்ததா என்று அது கேளாது. 2006-இல் வெளியான சச்சார் குழு அறிக்கையின்படி, நாட்டில் பதிவு பெற்ற வக்ஃப் சொத்துகள் 4.9 லட்சத்திற்கும் மேல். சந்தை மதிப்பு ஏறத்தாழ 1.2 லட்சம் கோடி ரூபாய். ஆண்டு வருமானமோ 163 கோடி ரூபாய். ஆக்கிரமிப்பும் அரசின் அலட்சியமும் இதற்குப் பெருங்காரணங்கள்தாம். ஆயினும் பல்லாண்டுக்கு முன் பேசிய அற்ப வாடகையில் கடைகளை வைத்திருப்போருள் நம் சமுதாயத்து வசதி படைத்தோரும் உள்ளனர் என்பதை ஊரறியும். வக்ஃபு செய்தவர் எந்த ஏழையை மனத்தில் எண்ணி எழுதிக் கொடுத்தாரோ, அந்த ஏழை ஆவணத்தில் இருக்கிறார். வாடகைப் புத்தகத்தில் இல்லை.

வரும் பொதுக்குழுக் கூட்டத்திற்கு முன் ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பைலாவை எடுத்து வாசிக்கட்டும். உறுப்பினர் தகுதி என்ற பத்தியில் சந்தா, பூர்விகம், சொந்த வீடு என்ற சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்று அடிக்கோடிடட்டும். அவற்றுக்குப் பகரமாக, மஹல்லாவில் ஓராண்டு வசிக்கும் முஸ்லிம் குடும்பம் உறுப்பினர் என்றும், ஆண் துணையற்ற வீட்டில் அவ்வீட்டுப் பெண்ணே தலைக்கட்டு என்றும் எழுதலாம். வாடகை ஒப்பந்தம் கையில் இல்லாதவரே இங்கு அதிகம். ஆதாரில் பழைய ஊரின் முகவரியே இருக்கும். எனவே ஆவணம் கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம். அவர் இத்தெருவில் வசிக்கிறார் என்று அண்டை வீட்டார் இருவர் சாட்சி சொன்னால் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்ளலாம்.